நாக்கோரத்துக் கட்டி

எங்கள் கடற்கரையில் பெண் எடுக்கிறவன் பெண்ணை மட்டும் எடுப்பதில்லை. கயிறு பிடிக்க ஒரு ஆளையும் சேர்த்தே எடுக்கிறான். சங்கு குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, காலடியில் கல்லோடு, ஆறடிக்கு ஒரு பாகம் என்ற கணக்கில் எட்டுப் பாகம் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவான். கயிற்றின் மறுமுனை தோணியில் இருக்கிறவன் கையில் இருக்கும். கீழே இருக்கிறவன் ஒரு இழுப்பு இழுத்தால், மேலே இருக்கிறவன் வேறு எதையும் யோசிக்காமல் தூக்க வேண்டும். அந்த முனையை நாங்கள் கூடப்பிறந்தவனிடம்கூடக் கொடுக்க மாட்டோம். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வோம்: கயிற்றை விட்டால் தாலி அறுப்பது அவன் தங்கச்சி, அவன் எப்படி விடுவான்?

என் கயிற்றைப் பிடித்தவன் என் பெண்டாட்டியின் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நான் மச்சான் என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். இரண்டு தெரு தள்ளி வீடு. பத்தாவது வரை படித்தவன், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிப்பான். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தமிழ் மட்டும் தடையில்லாமல் வாசிப்பேன்.

மற்ற குளியாட்கள் கீழே போனால் மனதுக்குள் எண்ணுவார்கள். எத்தனை எண்ணினால் மூச்சு முட்டும் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு கணக்கு உண்டு. நான் எண்ணியதே இல்லை. மேலே மச்சான் எண்ணுவான். மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபத்தை வாய்க்குள் முணுமுணுத்து அதை வைத்து எண்ணுவான். ஐந்து முடிந்ததும் கயிற்றை லேசாக ஒரு ஆட்டு ஆட்டுவான். ஆறு முடிவதற்குள் நான் இழுத்துவிட வேண்டும். இழுக்காவிட்டால் அவனே தூக்கிவிடுவான். இப்படி ஒன்பது சீசன். அந்த ஒன்பது சீசனும் கடலடியில் எனக்கு இருந்தது ஒரே வேலை, மணலில் சங்கு எங்கே புதைந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பது. செத்துப்போவேன் என்ற நினைப்பே வந்ததில்லை. அப்படி ஒரு சுகம் இந்த உலகத்தில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை, பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தபோதும் இல்லை. இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

புது ஹார்பருக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு சீசன் தொடக்கத்தில் எனக்குக் காதில் சீழ் வைத்து, தொண்டை கட்டி, பத்து நாள் சளி விடவே இல்லை. சளி போனபின் ஒரு காலை உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கும்போது நாக்கின் வலது ஓரத்தில், பின்பக்கம், கடவாய்ப்பல் உரசும் இடத்தில் ஏதோ தட்டுப்பட்டது. விரலை விட்டுப் பார்த்தேன். துவரம்பருப்பு அளவில் ஒரு கட்டி. வலியில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒருவர் இருந்தார். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டுக் கன்னத்தில் புண் வந்து, அது ஓட்டையாகி, குடிக்கிற கஞ்சி கன்னம் வழியாக வழிந்தது. ஆறு மாதம் இருந்து செத்தார். பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன். நானும் வெற்றிலை போடுகிறவன்தான். குளியாளில் வெற்றிலை போடாதவன் யார்? காலையில் வெறும் வயிற்றோடு கடலுக்குப் போகிறவனுக்கு அதுதானே பலகாரம்.

ஒரு வாரத்தில் கட்டி இன்னும் கொஞ்சம் பெரிதானதுபோல இருந்தது. எந்நேரமும் நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே இருந்ததால் முகம் கோணிப்போய், பெண்டாட்டி கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன, எப்பவும் வாய அசை போட்டுக்கிட்டே இருக்கீய? பல்லு வலியா?"

காட்டினேன். அவள் முகம் செத்துவிட்டது. அன்றைக்கே அண்ணனைக் கூட்டிவந்துவிட்டாள். அவன் என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

பல் பிரிவில் இருந்தது ஒரு டாக்டரம்மா. நாசரேத் பக்கத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பெண் என்று சொன்னார்கள். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். ஒரு துணித் துண்டால் என் நாக்கு நுனியைப் பிடித்து வெளியே இழுத்து, இடது பக்கமாகத் திருப்பினார். ஒரு பொம்பளைப் பிள்ளை என் நாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, மச்சான் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா அவசரப்படவில்லை. முதலில் கண்ணால் பார்த்தார். பிறகு விரலால் அழுத்தினார். கட்டி கல்லுமாதிரி இருக்கிறதா, ரப்பர்மாதிரி இருக்கிறதா, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நகர்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதை எனக்கும் சொன்னார். தாடைக்கு அடியில், கழுத்தில் எல்லாம் தடவிப் பார்த்தார். ரத்தம் வந்ததா, ஆறாத புண் இருந்ததா, எத்தனை நாளாக, புகையிலை உண்டா என்று கேட்டார். கடைசியாக நான் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்தார்: நாக்கை மறுபக்கம் திருப்பி இடது ஓரத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தப் பக்கமும் இதே இடத்துல சின்னதா ஒண்ணு இருக்கு. கெட்ட கட்டி இப்படி ரெண்டு பக்கமும் ஜோடி போட்டு வாரது அபூர்வம்."

"அப்ப ஒண்ணுமில்லையாம்மா?"

"எனக்கு அப்படித்தான் தோணுது. மேல் தோல் வழுவழுன்னு இருக்கு, புண் இல்ல, கெட்டியா இல்ல. ஆனா நீங்க புகையிலை போடுதவங்க. கண்ணால பாத்து மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு துண்டு எடுத்துத் திருநெல்வேலிக்குப் பெரிய காலேஜுக்கு அனுப்புவோம். அங்க மைக்ராஸ்கோப்புல பாத்து எழுதுவாங்க. பதினஞ்சு இருபது நாள் ஆகும்."

ஊசி போட்டு மரக்க வைத்து, பருப்பில் பாதியைக் கிள்ளி எடுத்தார். ஒரு சின்னப் பாட்டிலில் மருந்துத் தண்ணீரில் அது மிதந்தது. வெளுத்த சதைத் துணுக்கு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் உயிர் பாட்டிலில் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போகிறது என்று மச்சானிடம் சொன்னேன்.

"ஏலே மாப்ள, ஒரு மயிரும் இருக்காது. சும்மா கெட" என்று முதுகில் தட்டினான். அந்த அம்மா உரசுகிற கடவாய்ப்பல்லின் கூர்முனையையும் ராவிவிட்டார்.

முடிவு வந்துவிட்டது என்று ஆள் சொல்லியனுப்பிய நாள் நான் போகவில்லை. பத்துப் பாகம் தண்ணீருக்கு அடியில் பயமில்லாமல் தடவித் திரிந்தவனுக்கு, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரத் தைரியம் இல்லை. மச்சானைப் போகச் சொன்னேன். இதில்தான் நான் செய்த தப்பு இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் வேறு எவனாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான். உயிரையே கையில் பிடித்துக்கொண்டிருக்கிறவனிடம் ஒரு காகிதத்தை வாங்கிவரச் சொல்ல என்ன யோசனை? அவன் இல்லாமல் நானும் அன்று கடலுக்குப் போக முடியாது. கரையில் தோணி நிழலில் உட்கார்ந்து மற்றத் தோணிகள் பாய் விரித்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வந்தான். நேராக என்னிடம் வராமல் முதலில் என் வீட்டுக்குப் போயிருக்கிறான். அது எனக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை. தங்கச்சியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"மாப்ள, கேன்சர் இல்ல" என்றான்.

நான் கும்பிட்டுவிட்டேன். மாதா கோயில் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டேன்.

"முழுசாக் கேளு. இப்ப இல்ல. ஆனா மாறக்கூடிய சாமானாம். தொண்டையில சளி, காதுல சீழு இதெல்லாம் வந்தா அது வீங்குமாம். முங்கி மூச்சு அடக்குனா ரத்தம் தலைக்கு ஏறி, அது வளந்துகிட்டே போயி, ஒரு நாளு கெட்டதா மாறிருமாம். இனிமே முங்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமேதாம்லே."

அவன் கண் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்காக வருத்தப்படுகிறான் என்று நினைத்தேன். நான்தான் அவன் தோளில் கைபோட்டு ஆறுதல் சொன்னேன். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் கை கூசுகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வார்த்தை நேரில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு மாதம் கழித்துப் போகலாம் என்று கிளம்பினேன். அந்த அம்மாவுக்கு மாற்றலாகிவிட்டது என்றார்கள். அது உண்மைதான். வேறு டாக்டரிடம் போய், முழுக்கதையும் சொல்லி, மறுபடி நாக்கை அறுக்கக் கொடுக்க எனக்கு மனமில்லை. 'கேன்சர் இல்லை' என்ற வார்த்தை ஒன்று கையில் இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்று இருந்துவிட்டேன்.

அரசாங்கத்தின் சங்குக் கிடங்கில், நாங்கள் கிட்டங்கி என்போம், வேலை கிடைத்தது. மற்றவர்கள் எடுத்துவந்த சங்குகளை ஒரு மர வளையத்துக்குள் நுழைத்துப் பார்க்க வேண்டும். வளையத்துக்குள் நுழைந்துவிட்டால் அது சின்னது, கழித்து ஒதுக்க வேண்டும். நுழையாமல் நின்றால் தேறியது. காலை முதல் சாயங்காலம் வரை இதுதான். சங்கில் ஒட்டியிருக்கிற சேற்றின் நிறத்தைப் பார்த்தே அது எந்தப் பாரிலிருந்து, கடலடியில் எந்தத் திட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் வருஷம் சங்கை மூக்கில் வைத்து முகர்ந்து பார்ப்பேன். கூட வேலை பார்த்தவர்கள், "அண்ணாச்சிக்குக் கிறுக்கு" என்று சிரிப்பார்கள்.

வீட்டில் அதைவிடக் கேவலம். கட்டியில் பாதி இன்னும் நாக்கில் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசைக்குப் போகும்முன் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்துவைத்து நாக்கை இழுத்துப் பார்ப்பேன். பின்பக்கம் இருட்டாக இருக்கும் என்பதால் பெண்டாட்டி பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பாள்.

"வளந்திருக்கா?" என்று கேட்பேன்.

"இல்ல. அப்படியேதான் இருக்கு" என்பாள்.

"நல்லாப் பாருளா."

"பாத்துட்டேன். அப்படியேதான் இருக்கு."

ஏழு வருஷம் ஞாயிறு தவறாமல் இது நடந்தது. சளி பிடித்தால் கட்டி கொஞ்சம் வீங்கும். அந்த வாரம் நான் சோறு தின்ன மாட்டேன். மாறிவிட்டது, முடிந்துவிட்டது என்று நினைப்பேன். கல்லறைத் தோட்டத்தில் எந்த இடம் என்றுகூட, கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் காட்டிவைத்தேன். சளி போனதும் வற்றிவிடும், மறுபடியும் சோறு.

அப்போதெல்லாம் இந்த நோய் எச்சிலில் ஒட்டும் என்று ஜனங்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். அவற்றைப் பெண்டாட்டி குசினியில் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்துவைப்பாள். முடிவு வந்த அந்த வருஷம்தான் எங்களுக்கு மகள் பிறந்தாள். தூக்குவேன், தோளில் போட்டுத் தட்டுவேன், முத்தம் மட்டும் கொடுக்க மாட்டேன். குழந்தை தானாகவே என் வாயருகில் கன்னத்தைக் கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நாலு வயதில் ஒருநாள், "அப்பாவுக்கு என்னைப் பிடிக்காதாம்மா?" என்று அது கேட்டதை நான் முற்றத்தில் நின்று கேட்டேன். உள்ளே பெண்டாட்டி என் டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. எனக்காக வருந்துகிறாள், பாவம் என்று நினைத்தேன்.

ஏழாவது வருஷம் கடவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி உயிரை எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே அதே டாக்டரம்மா. தலையில் ரெண்டு நரை, கண்ணில் கண்ணாடி, மற்றபடி அப்படியே. மாற்றல் வாங்கி மறுபடி இங்கேயே வந்துவிட்டாராம். என்னை உடனே அடையாளம் தெரியவில்லை. வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

"அடடே, நீங்கதானா? கட்டி அப்படியே சமத்தா இருக்கே. சங்கு குளிக்கப் போறீங்கல்ல இன்னும்?"

"எங்க போவேம்மா? நீங்கதான் போகக் கூடாதுன்னுட்டீகளே."

அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நானா?"

மச்சான் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ரத்தம் ஏறும், வளரும், மாறும். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. பல்லை விட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, தொண்டைக்குள்ள ரெண்டு பக்கமும் டான்சில்னு ஒரு சதை இருக்கு தெரியுமா? பிள்ளைகளுக்கு வீங்குமே. நம்ம வாய்க்குள்ள வார கிருமியத் தடுக்குத காவல்காரன் மாதிரி. அதே சதை எல்லாருக்கும் நாக்கோட பின் ஓரத்துலயும் கொஞ்சம் உண்டு. எனக்கும் இருக்கு, வெளிய நிக்குதாரே அந்த வார்டு ஆளுக்கும் இருக்கு. உங்களுக்கு அடிக்கடி காதுலயும் தொண்டையிலயும் சளி பிடிச்சதால அது பெருசாச்சு. கூரான பல்லு வேற உரசுச்சு. அவ்வளவுதான். திருநெல்வேலியிலயும் அதையேதான் எழுதுனாங்க. இது புத்துநோயும் இல்ல, புத்துநோயா மாறுததும் இல்ல."

"முங்கலாமா?"

"சளி இருக்கிற நாள்ல முங்காதீங்கன்னேன். அது காதுக்காக. மத்தபடி தாராளமாப் போகச் சொன்னேன். ரிப்போர்ட் இங்கிலீஷ்ல இருக்கே, உங்களுக்குப் புரியாதேன்னு, அந்தத் தாளோட பின்பக்கம் என் கையால தமிழ்ல எழுதி, நாக்குப் படமும் போட்டு உங்க மச்சான் கையில கொடுத்தேனே. சந்தோசத்துல எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டாரு. அவரு கொடுக்கலையா?"

சொத்தைப்பல்லைப் பிடுங்கினார்கள். மரக்க வைத்த ஊசி சரியாகப் பிடித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். புரிந்தது இதுதான்: மச்சான் முழுப் பொய்யைச் சொல்லவில்லை. அந்த அம்மா சொன்ன சளி என்ற ஒரே ஒரு வரியை எடுத்து, கயிறு திரிக்கிற மாதிரி இழுத்து இழுத்து நீட்டி என் கழுத்தில் போட்டிருக்கிறான்.

நேராக அவன் வீட்டுக்குத்தான் போனேன். அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். தெருவே பார்த்தது. அவன் என் கையை உதறக்கூட இல்லை. நான் வந்து நின்ற நிலையைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. முற்றத்தில் நிறுத்தி, பஞ்சைத் துப்பினேன். ரத்தமும் வந்தது.

"தாள் எங்கலே?"

தலைகுனிந்து நின்றான்.

"டாக்டரம்மா எழுதிக் குடுத்த தாள் எங்க? ஒன்பது சீசன் ஒன் கையில என் உசிர வச்சிருந்தேன். தோணியில வச்சே என்னை விட்டிருக்கலாமேலே! ஏம்லே இப்படிச் செஞ்ச?"

பதில் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பெண்டாட்டி தகரப்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கல்யாணச் சேலைக்கு அடியில் இருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அவனை விடுங்க. நான்தான் சொல்லச் சொன்னேன்."

எனக்கு முதலில் அவள் என்ன சொல்கிறாள் என்றே பிடிபடவில்லை. கையில் கொடுத்தாள். முன்பக்கம் டைப் அடித்த இங்கிலீஷ். பின்பக்கம் நீல மையில் குண்டு குண்டான தமிழ் எழுத்து. பக்கத்தில் ஒரு நாக்குப் படம், அதன் ஓரத்தில் இரண்டு சின்ன வட்டம். 'பயப்பட வேண்டாம். சளி இருக்கும் நாட்களில் மட்டும் முங்க வேண்டாம். மற்ற நாட்களில் தாராளமாகக் கடலுக்குப் போகலாம்.' மடிப்பில் காகிதம் கிழியப் பார்த்தது. பலமுறை பிரித்து மடித்த காகிதம்.

"அண்ணன் சந்தோசமாத்தான் கொண்டாந்தான்" என்றாள். "மாப்ள முங்கலாம்னுதான் சொல்லிக்கிட்டே வந்தான். நான்தான் அவன் காலப் பிடிச்சேன். அந்தச் சீசன்லதான எதுத்த தெருக்காரன் முங்கப் போயி மேல வரல. கயித்துல வெறும் முடிச்சு மட்டும் வந்துச்சு. நான் வயித்துல பிள்ளையோட இருந்தேன். முங்க வேண்டாம்னு எத்தன வருசம் சொன்னேன்? ஒரு நாளாவது காதுல வாங்குனீயளா? சிரிப்பீய. 'என் கயித்த ஒங்கண்ணன்தானளா பிடிக்கான்'னு சிரிப்பீய."

"நீ டார்ச் அடிச்சியேளா" என்றேன். "ஏழு வருசம் பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சியே."

"அடிச்சேன். வளந்திருச்சுன்னு ஒரு நாளும் சொல்லலியே."

"என் டம்ளரத் தனியா கழுவுனியே. பிள்ளைக்கு ஒரு முத்தம் குடுக்காம மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனே, அதப் பாத்துக்கிட்டுத்தான இருந்த? அதுக்குக்கூட ஒனக்கு வாய் வரலியா?"

அதுவரை நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை தாளை எடுத்ததாகவும், சொன்னால் மறுநாளே கடலுக்குப் போய்விடுவேன் என்று திரும்ப வைத்துவிட்டதாகவும் அழுகைக்கிடையில் சொன்னாள். நான் முற்றத்தில் இருந்த தண்ணீர்ப் பானையை எட்டி உதைத்தேன். அது உடைந்து, தண்ணீர் மச்சான் காலடியில் ஓடியது. அவன் அப்போதும் நகரவில்லை.

அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. என்னை உயிரோடு வைத்திருக்க ஆசைப்பட்டாள். ஆனால் உயிரோடு வைத்திருந்த ஏழு வருஷமும் என் சாவை என் வாய்க்குள்ளேயே வைத்து, வாரம் ஒருமுறை வெளிச்சம் போட்டுக் காட்டினாளே. ஒரே வீட்டில் இருந்தோம், சாப்பிட்டோம். இரண்டு மாதம் நான் அவளோடு பேசவில்லை. மகளை மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பேன். அதற்கு அப்போது ஏழு வயது. பழக்கமில்லாததால் கூச்சப்பட்டுக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஓடும்.

சீசன் தொடங்கியதும் கிட்டங்கியில் லீவு சொல்லிவிட்டு, எங்கள் பழைய தோணிக்குப் போனேன். தோணியை நடத்துகிற தண்டலிடம், இன்றைக்கு நானும் முங்கப்போகிறேன் என்றேன். என் நாக்குக் கதை அதற்குள் கடற்கரை முழுக்கத் தெரியும். அவர் தள்ளி இடம் விட்டார். மச்சானும் அதே தோணியில்தான் இருந்தான். நான் முங்காமல் போனபின் அவன் வேறு யார் கயிற்றையும் பிடிக்கவில்லை. பாய்மர வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

பாருக்கு வந்து நங்கூரம் போட்டார்கள். நான் கச்சையைக் கட்டிக்கொண்டு கயிற்றை எடுத்ததும் மச்சான் எழுந்து வந்து கையை நீட்டினான். ஏழு வருஷத்துக்கு முன் நீட்டிய அதே மாதிரி, உள்ளங்கை மேலே பார்க்க. தோணியில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கயிற்றை அவனைத் தாண்டிக் கொண்டுபோய், தருவைகுளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு அந்நிய ஆளிடம் கொடுத்தேன். மச்சினன் உயிரோடு நிற்கும்போது வேறொருவன் கையில் கயிறு கொடுப்பதைவிடப் பெரிய செருப்படி எங்கள் கரையில் கிடையாது. அதை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் கொடுத்தேன். அவன் நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மடக்கினான். தோணியின் பின்முனைக்கு, பின்னணியத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

கல்லோடு இறங்கினேன். தண்ணீர் அதே தண்ணீர். காது அதேபோல் அடைத்து, அதேபோல் திறந்தது. அடியில் மணல் தட்டுப்பட்டது. ஏழு வருஷமாக நான் ஏங்கியது இதற்குத்தான். குனிந்து தடவ ஆரம்பித்தேன். ஒரு பக்கம் கை தடவிக்கொண்டிருக்க, என்னையறியாமல் மனதுக்குள் மங்கள வார்த்தை ஜெபம் ஓடத் தொடங்கியிருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிறவன் எண்ணுகிறானா, யாரோடாவது பேசிக்கொண்டிருக்கிறானா, என் கயிற்றை எதிலாவது சுற்றிவிட்டுப் பீடி பற்ற வைக்கிறானா என்று தெரியவில்லை. சங்கு எங்கே என்று என் கை தேடவில்லை. கயிறு இருக்கிறதா என்று இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. மூன்றாவது ஜெபம் முடிவதற்குள் இழுத்துவிட்டேன்.

தருவைகுளத்துக்காரன் ஒரு குறையும் இல்லாமல் தூக்கினான். தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் வாயைத் திறந்து மூச்சை வாங்கினேன். கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது முதலில் தெரிந்தது பின்னணியத்தில் இருந்த மச்சான்தான். கையில் கயிறு எதுவும் இல்லை. கண்ணை நான் இறங்கிய தண்ணீரிலேயே வைத்து, அவன் உதடு இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் மேலே வந்துவிட்டதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

என் வலைப்பையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்கள். மணல் மட்டும் கொட்டியது. மறுநாள் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனேன்.